ஆளி விதை சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. திருவையாறு பக்கத்தில் ஒரு கிராமம். நாலு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆறு மாதத்துக்கு முன் ரத்தம் பார்த்ததில் மொத்தக் கொலஸ்ட்ரால் 248, கெட்டது 168, நல்லது 42, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு 190 என்று வந்தது. அட்டோர்வாஸ்டாடின் 10 என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். ஆரம்பித்தால் சாகும்வரை விட முடியாது என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டேன். சென்னையில் இருக்கும் மகள் ஆளி விதை வாங்கி அனுப்பினாள். தினமும் காலையில் ஒரு ஸ்பூன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிடுகிறேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கெட்டது 165. விதை சரியில்லையா? அளவைக் கூட்டலாமா?

பதில்: விதையில் குறை இல்லை அம்மா. முழுசாக விழுங்குகிறீர்கள், அதுதான் காரணம். ஆளி விதையின் தோல் கெட்டியானது, வழவழப்பானது. மெல்லாமல் விழுங்கினால் பெரும்பாலும் போன மாதிரியே வெளியே வந்துவிடும். பொடித்துத்தான் சாப்பிட வேண்டும்.

பொடி என்ன செய்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு ஸ்பூன் பொடியை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். நறுக்கிய வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும். குடலுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. கொழுப்பைச் செரிக்க ஈரல் அனுப்பும் பித்தநீரின் முக்கியச் சரக்கு கொலஸ்ட்ராலிலிருந்துதான் தயாராகிறது. வேலை முடிந்ததும் குடல் அதில் பெரும்பகுதியை உறிஞ்சி ஈரலுக்கே திருப்பி அனுப்பிவிடும். இந்தக் கொழகொழப்பான நார்ச்சத்து நடுவில் புகுந்து கொஞ்சத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. குறைந்ததை ஈடுகட்ட ஈரல் ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. ஆளி விதை எண்ணெயிலும் அதை அடைத்த கேப்சூலிலும் இந்த நார்ச்சத்து கிடையாது. கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க அவற்றை வாங்கிக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

விதையை வெறும் வாணலியில் இளம் தீயில் வறுங்கள். எள் மாதிரி படபடவென்று வெடிக்க ஆரம்பித்ததும் இறக்கி, நன்றாக ஆறவிட்டு மிக்சியில் பொடியுங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காறல் வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். முதல் வாரம் ஒரு டீஸ்பூன் போதும். வயிறு பழகிய பிறகு ஒரு நாளைக்கு இரண்டு டேபிள்ஸ்பூன், அதாவது 15 கிராம் வரை போகலாம். மோரில் கலக்கலாம், இட்லிப் பொடியோடு சேர்க்கலாம், குழம்பு சாதத்தின் மேல் தூவலாம். கூடவே தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மலம் இறுகிவிடும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், குடலில் அடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தாங்களாக ஆரம்பிக்கக் கூடாது.

சரி, இப்படி ஒழுங்காகச் சாப்பிட்டால் எவ்வளவு குறையும்? பத்து சதவீதம் இறங்கினாலே பெரிது. பலருக்கு அதுவும் இறங்காது. உங்கள் 168இல் பத்து சதவீதம் போனால் 151. சர்க்கரை இருக்கும் உங்களுக்கு அது நூறுக்குக் கீழே வர வேண்டும். முடிந்தால் எழுபதுக்கும் கீழே. அட்டோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் தனியாகவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கும், 168 என்பது 110 பக்கம் வந்து நிற்கும். அதோடு பொடியும் சாப்பாட்டு மாற்றமும் சேர்ந்தால் நூறைத் தொடலாம். அப்போதும் போதாவிட்டால் டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். அதனால் பொடியைச் சாப்பிடுங்கள், ஆனால் நிறுத்திய மாத்திரையையும் திரும்ப ஆரம்பியுங்கள். எழுதிக் கொடுத்த டாக்டரை இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்கள் வயதுதான் இருக்கும், ஒரு விவசாயி. கொலஸ்ட்ரால் இறங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தி, ஏதோ ஒரு விதையை நம்பி ஒன்றரை வருஷம் ஓட்டிவிட்டார். நடவு நேரத்தில் வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைப் பைக்கில் நடுவே வைத்துக் கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் பழையபடி மண்வெட்டி பிடிக்க அவரால் முடியவில்லை. மாத்திரையை விட முடியாது என்பது போதைப் பழக்கம் மாதிரி அல்ல. நிறுத்தினால் சில வாரங்களில் கொலஸ்ட்ரால் பழைய அளவுக்கே ஏறிவிடும், அவ்வளவுதான்.

அப்புறம் சமையலறை. ரேஷன் பாமாயிலில்தான் பொரியலும் வடையும் என்றால், அதில் கிட்டத்தட்ட பாதி, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில் அது ஏழில் ஒரு பங்குதான். நல்லெண்ணெய்க்கோ கடலை எண்ணெய்க்கோ மாறுங்கள், அதையும் ஆளுக்கு மாதம் அரை லிட்டரோடு நிறுத்துங்கள். உங்கள் டிரைகிளிசரைடு 190க்கு எண்ணெயைவிடச் சோறுதான் அதிகக் காரணமாக இருக்கும். நம் பக்கம் காலையில் பழையது, மத்தியானம் சாதம், ராத்திரியும் மிச்ச சாதம் என்று மூன்று வேளையும் அரிசிதான். ராத்திரியில் மட்டுமாவது பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் ஒரு கிண்ணம் பயறு வையுங்கள். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே வயலில் தெளித்து, கோடையில் வீட்டுக்கு வருகிறதே, அதே பயறும் உளுந்தும்தான். ஆளி விதையில் இருக்கும் கரையும் நார்ச்சத்து அளவில் குறைவாக இதிலும் உண்டு. மீன் சாப்பிடுகிறவர் என்றால் நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தியும் கானாங்கெளுத்தியும் வாரம் இரண்டு நாள் குழம்பாகவே வையுங்கள், பொரிக்க வேண்டாம். மத்தியில் இருக்கும் ஒமேகா 3 உடம்புக்கு நேராகப் பயன்படும் வகை. விதையில் இருப்பதை உடம்பு மாற்றிக்கொள்ள வேண்டும், அதிலும் கொஞ்சம்தான் மாறும்.

இன்னொன்று, தைராய்டு சுரப்பு குறைந்தாலும் கொலஸ்ட்ரால் ஏறும். இதுவரை பார்க்கவில்லை என்றால் டி.எஸ்.எச். பரிசோதனையை இப்போதே செய்துவிடுங்கள். மாத்திரை ஆரம்பித்து எட்டு வாரம் கழித்து வெறும் வயிற்றில் மறுபடியும் கொலஸ்ட்ரால் பாருங்கள். இடையில் தொடையிலோ கெண்டைக்காலிலோ காரணமில்லாமல் தசைவலி வந்தாலும், சிறுநீர் கறுத்துப் போனாலும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். வலி என்றால் மாற்றிக் கொடுக்க வேறு மாத்திரைகள் இருக்கின்றன. பொடியை மட்டும் கூட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.