கேளுங்கள், சொல்கிறோம்: பாஸ்டன் தேயிலையும் சோளிங்கர் போரும்

கேள்வி: 1773 தேயிலைச் சட்டத்தால் அமெரிக்காவில் தேயிலை விலை குறைந்தது என்று பையனின் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. விலை குறைந்ததற்கா பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: புத்தகம் சொல்வது சரிதான். விற்காத தேயிலை கிடங்குகளில் தேங்கி, கிழக்கிந்தியக் கம்பெனி கடனில் தத்தளித்தது. லண்டன் ஏலத்துக்கு விடாமல், தன் ஏஜெண்டுகள் மூலம் நேரே அமெரிக்காவில் விற்க அதற்கு அனுமதி கொடுத்தார்கள். பிரிட்டனில் கட்டிய தீர்வையும் திரும்பக் கிடைத்தது. டச்சுக் கள்ளச் சரக்கைவிட மலிவாக விற்க முடிந்தது அதனால்தான். (எல்லாம் சீனத் தேயிலை. அஸ்ஸாம் தேயிலை சந்தைக்கு வர இன்னும் 60 ஆண்டுக்கு மேல் இருந்தது.)

ஆனால் ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் என்ற 1767-ஆம் ஆண்டு வரி அப்படியே நின்றது. அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லாத பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட வரி அது. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸில் கவர்னர் சம்பளமும் இந்தச் சுங்கப் பணத்திலிருந்து போனது. சம்பளம் உள்ளூர்ச் சபையின் கையில் இருந்தவரை கவர்னர் கொஞ்சம் அனுசரித்துப் போவார். அந்தப் பிடி போய்விட்டது. ஏஜெண்டு முறையால் மற்ற வியாபாரிகள் வயிற்றிலும் அடி.

நியூயார்க், பிலடெல்ஃபியா போன கப்பல்கள் சரக்கை இறக்காமலே திரும்பின. பாஸ்டனில் அது முடியவில்லை. துறைமுகத்துக்குள் வந்த கப்பல் 20 நாளில் தீர்வை கட்டாவிட்டால் சரக்கு பறிமுதல்; கட்டாமல் வெளியேற கவர்னர் ஹட்சின்சன் விடவில்லை. முதலில் வந்த டார்ட்மவுத்தின் கெடு முடியும் தறுவாயில், டிசம்பர் 16 இரவு, மூன்று கப்பல்களின் 342 பெட்டிகளையும் கோடாலியால் பிளந்து கொட்டினார்கள். கடல் வற்றியிருந்த நேரம். தேயிலை கப்பலோரம் குவியல் குவியலாக நின்றது.

இதோடு விட்டிருந்தால் ஓர் ஊர்த் தகராறாகவே போயிருக்கும் என்பது எங்கள் கருத்து. 1774-ல் லண்டன் பாஸ்டன் துறைமுகத்தையே மூடி, மாசசூசெட்ஸ் சாசனத்தையும் திருத்தியது. நாளை நமக்கும் இதே கதி என்று 12 குடியேற்றங்கள் பிலடெல்ஃபியாவில் கூடின. 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்த பிறகும், ஜூலையில் சமாதான மனு எழுதினார்கள். மூன்றாம் ஜார்ஜ் வாங்கிப் பார்க்கவே மறுத்தார். 1776 ஜூலை 4 சுதந்திரப் பிரகடனம் அதற்கப்புறம்தான்.

கேள்வி: அந்த அமெரிக்க சுதந்திரப் போருக்கும் வட ஆற்காட்டுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், சோளிங்கர்

பதில்: உங்கள் ஊரிலேயே உண்டு. 1778-ல் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்ததும், இங்கே ஆங்கிலேயர் பிரெஞ்சு ஊர்களைப் பிடித்தார்கள். 1779-ல் மாஹே போனது. ஹைதர் அலிக்கு ஆயுதம் வந்த துறைமுகம் அது. அடுத்த ஆண்டே அவர் ஆற்காடு நவாபின் சீமைக்குள் இறங்கி ஆற்காட்டைப் பிடித்தார். வேலூர்க் கோட்டை விழவில்லை, ஆனால் உள்ளே அரிசிக்குத் தட்டுப்பாடு. 1781 செப்டம்பர் 27-ல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் சோளிங்கரில் ஹைதரை வென்ற பிறகுதான் கோட்டைக்கு அரிசி போனது. சோளிங்கர் போருக்கு மறுநாள் அமெரிக்காவில் யார்க்டவுன் முற்றுகை தொடங்கியது. அக்டோபர் 19-ல் அதில் சரணடைந்த ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ்தான், 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவின் இரு மகன்களைப் பிணையாகக் கொண்டுபோனவர்.

கேள்வி: 1806 வேலூர்ப் புரட்சி ஏன் அப்படி வெல்லவில்லை?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ஆற்காடு 25 கி.மீ. தூரம்தான். ஜூலை 10 காலையிலேயே அங்கிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பியின் குதிரைப்படை வந்துவிட்டது, பீரங்கியால் வாயில் உடைந்தது. அமெரிக்கர்களுக்கு வரி வசூலிக்கும் சபை, ஊர்ப்படை, பிரெஞ்சுக் கப்பற்படை மூன்றும் இருந்தன. சிப்பாய்களுக்குக் கோட்டைக்கு வெளியே துணைக்கு ஒரு படையும் இல்லை.