ஐரோப்பா சுற்றுலா: ஷெங்கன் விசா கேள்வி - பதில்

கேள்வி: கோடை விடுமுறையில் குடும்பத்தோடு பாரிஸில் 4 இரவு, சுவிட்சர்லாந்தில் 6 இரவு, ரோமில் 3 இரவு தங்கத் திட்டம். "பிரான்ஸுக்கு அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது, அங்கேயே போட்டுவிடலாம்" என்கிறார் ஏஜென்ட். போடலாமா? (வாசகி, ஈரோடு)

வேண்டாம். ஷெங்கன் விசா ஒன்று இருந்தால், ஷெங்கன் கூட்டமைப்பில் உள்ள 29 ஐரோப்பிய நாடுகளுக்கும் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அது சுவிட்சர்லாந்து. எல்லா நாட்டிலும் சம நாள் என்றால்தான் முதலில் இறங்கும் நாட்டைப் பார்ப்பார்கள்.

பாரிஸில் 7 இரவு என்று ஹோட்டல் புக்கிங் போட்டுக் கொடுத்து, விசா வந்ததும் அதை ரத்து செய்துவிடும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். விமான நிலையத்தில் ஹோட்டல் ரசீதைக் கேட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். கொடுத்த விசாவையே ரத்து செய்யவும் அங்குள்ள எல்லை அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு.

அப்பாயின்ட்மென்ட் தட்டுப்பாட்டுக்கு வழி, முன்கூட்டியே போடுவதுதான். பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். முடிவு தெரிய வழக்கமாக 15 நாள் ஆகும், சிலருக்கு 45 நாள் வரை இழுக்கும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் எதுவும் திரும்பி வராது.

கேள்வி: தனியார் கல்லூரியில் வேலை, சம்பளம் 62,000 ரூபாய். வங்கிக் கணக்கில் 1.4 லட்சம்தான் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் 4 லட்சம் போட்டு வைக்கிறேன் என்கிறார் அண்ணன். சரிதானே? (வாசகர், மதுரை)

இதைச் செய்யவே செய்யாதீர்கள். அதிகாரி கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும் பார்ப்பதில்லை. பேங்க் ஸ்டேட்மென்டை மேலிருந்து கீழே படிப்பார். மாதாமாதம் சம்பளம் ஏறுகிறது, வாடகையும் இஎம்ஐயும் போகிறது, மிச்சம் 40,000 தேறுகிறது. அப்படி ஓடும் கணக்கில் திடீரென 4 லட்சம் வந்து உட்கார்ந்தால், அது கைமாற்று என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதன்பிறகு நீங்கள் கொடுத்த மற்ற காகிதங்கள் மீதும் நம்பிக்கை போய்விடும்.

அண்ணன் உதவுகிறார் என்றால் அதை வெளிப்படையாகவே காட்டுங்கள். அவர் கையெழுத்திட்ட ஸ்பான்சர் கடிதம், அவருடைய பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், உங்கள் உறவுமுறைக்கு ஆதாரம், இவ்வளவும் சேர்த்து வையுங்கள். உங்கள் பெயரில் ஃபிக்ஸட் டெபாசிட் இருந்தால் அதன் நகலும் பலம். அதோடு, 14 நாள் திட்டம் என்றால் அதை 8 நாளாகக் குறைத்தால், காட்ட வேண்டிய தொகையும் குறையும். சின்னத் திட்டமும் அதற்குப் பொருந்தும் கணக்கும்தான் நம்பும்படி இருக்கும்.

பணத்தைவிட அதிகம் பேரைக் கவிழ்ப்பது தேதி. கல்லூரி தரும் லீவு கடிதத்தில் 10 முதல் 20 வரை என்றிருக்கும், விமான முன்பதிவு 8-ஆம் தேதி, இன்ஷூரன்ஸ் 9-ஆம் தேதி தொடங்கும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, தேதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். லீவு கடிதத்தில் மறுபடி வேலைக்குத் திரும்பும் தேதியும், கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல் இன்னொன்று. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், வங்கியில் இனிஷியல் மட்டும் இருக்கும், கல்லூரிக் கடிதத்தில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று கவரிங் லெட்டரில் ஒரு வரி எழுதி, பான் அட்டை நகலை இணையுங்கள். விசா வரும்வரை விமானத்துக்கு முன்பதிவு மட்டும் போதும், பணம் கட்டி டிக்கெட் எடுக்க வேண்டாம்.

கேள்வி: பாரிஸ், பிறகு ரயிலில் லண்டன், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம். ஒரே விசா போதுமா? (வாசகி, கோவை)

போதாது. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, அதற்குத் தனி விசா வேண்டும். பாரிஸ் கார் து நோர் நிலையத்தில் லண்டன் ரயில் ஏறும்போதே ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டதாகப் பதிவாகிவிடும். உங்கள் விசா ஒரு நுழைவுக்கு மட்டும் என்றால் ஆம்ஸ்டர்டாமுக்குள் விட மாட்டார்கள். படிவத்திலேயே இரண்டு நுழைவு கேட்டு, காரணத்தையும் பயணத் திட்டத்தில் காட்டுங்கள். அயர்லாந்தும் சைப்ரஸும்கூட ஷெங்கனுக்கு வெளியேதான்.

கேள்வி: மகன் மியூனிக்கில் வேலை பார்க்கிறான். நானும் மனைவியும் 2 மாதம் தங்கி வர ஆசை. பென்ஷன் 24,000தான். விசா கிடைக்குமா? (வாசகர், நாகர்கோவில்)

பென்ஷன் குறைவு என்று தயங்க வேண்டாம். உங்கள் செலவுக்குத் தானே பொறுப்பு என்று மகன் தன் ஊரிலுள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் உறுதிமொழிப் பத்திரம் தரலாம். கட்டணம் 29 யூரோ. அதன் அசலைக் கூரியரில் வரவழையுங்கள், வாட்ஸ்அப்பில் வந்த நகல் செல்லாது. வாங்கி 6 மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். மையத்தில் அசலைக் காட்டித் திரும்பப் பெற்று, பயணத்தின்போது கைப்பையில் வைத்திருங்கள்.

இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் சொல்லி பாலிசி எடுங்கள். ஆஸ்பத்திரி செலவு அங்கே மிக அதிகம், மறைத்தால் கிளெய்ம் கிடைக்காமல் போகலாம். ஊர் திரும்புவீர்கள் என்பதற்கு பென்ஷன் ஆணையும் வீட்டு வரி ரசீதும் நல்ல சான்று.

கேள்வி: விசா ஸ்டிக்கரில் மே 5 முதல் ஜூன் 2 வரை என்றும், 'டியூரேஷன் ஆஃப் ஸ்டே 14' என்றும் இருக்கிறது. ஜூன் 2 வரை தங்கலாமா? (வாசகர், சேலம்)

கூடாது. தங்கும் உரிமை 14 நாள்தான். கூடுதலாக இருக்கும் 15 நாள், பயணத் தேதி தள்ளிப்போனால் சமாளிக்கத் தரப்படுவது. மே 5 இறங்கினால் மே 18-க்குள் வெளியேற வேண்டும். இரவு 11.40-க்கு இறங்கினாலும் அது ஒரு முழு நாள் கணக்கு, கிளம்பும் நாளும் அப்படியே.

2025 அக்டோபர் 12 முதல் வருகையையும் புறப்பாட்டையும் கம்ப்யூட்டரில் பதியும் முறை படிப்படியாக அமலாகியிருக்கிறது. ஒரு நாள் கூடினாலும் அது தானாகவே கணக்கில் ஏறிவிடும், அடுத்த விண்ணப்பத்தில் தெரியும். ஒழுங்காகப் போய் வந்தால் பலனும் உண்டு: 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி, 3 ஆண்டுக்குள் 2 விசாக்களை முறையாகப் பயன்படுத்திய, இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு 2 ஆண்டு விசா கிடைக்கும். அதையடுத்து, பாஸ்போர்ட் காலாவதிக்கு அவ்வளவு காலம் இருந்தால், 5 ஆண்டு விசாவும் கிடைக்கும்.