டாஸ் சோர்ஸ் கோடை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

கேள்வி: பள்ளியில் ஜிடபிள்யூ-பேசிக் படித்தவன் நான். இப்போது ஜாவாவில் வேலை. மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அந்த நிரல்மொழி, எம்எஸ்-டாஸ் என்ற பழைய இயங்குதளம் இரண்டின் சோர்ஸ் கோடையும் இறக்கி வைத்திருக்கிறேன். திறந்தால் எல்லாமே அசெம்பிளி, சிப்பின் கட்டளைகளையே ஒவ்வொன்றாக எழுதும் மொழி. இரண்டு பக்கத்துக்கு மேல் நகர முடியவில்லை. எங்கே ஆரம்பிப்பது? அசெம்பிளியை முழுவதும் கற்க வேண்டுமா? தமிழில் விளக்கம் எழுதி வெளியிட்டால் உரிமைச் சிக்கல் வருமா?

பதில்: முதலில் ஜிடபிள்யூ-பேசிக்கை மூடி வையுங்கள். பழகிய பெயர் என்பதால் அதைத்தான் முதலில் திறக்கத் தோன்றும். நானும் அப்படித் திறந்து ஒரு வாரம் முழித்தவன்தான். 2020 மே மாதம் வெளியான அந்தக் கோப்புகளின் தலைப்பில், இது 1983 பிப்ரவரி 10 அன்று மாற்றி எழுதப்பட்டது என்று ஒரு குறிப்பு இருக்கும். மாற்றி எழுதியது ஆள் இல்லை, ஒரு நிரல். பல சிப்களுக்கும் பொதுவாக வைத்திருந்த ஒரு மூலத்திலிருந்து 8088-க்கான கோடை அது தயாரித்தது. அதனால் கமெண்ட் ஒன்று சொல்லும், பக்கத்தில் இருக்கும் கட்டளை வேறு மாதிரி வளைந்து போகும். புதிதாகப் படிப்பவருக்கு இது வீண் தலைவலி. கட்டி (பில்ட் செய்து) ஓட்டிப் பார்க்கத் தேவையான ஸ்கிரிப்டுகளையும் மைக்ரோசாஃப்ட் கூடவே தரவில்லை.

எம்எஸ்-டாஸ் 1.25 அப்படியில்லை. அதன் மையக் கோப்பு எம்எஸ்டாஸ்.ஏஎஸ்எம், டிம் பேட்டர்சன் என்ற ஒருவர் கையால் எழுதியது. சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ் நிறுவனத்தில் 1980-இல் கியூடாஸ் என்ற பெயரில் அவர் தொடங்கி, பிறகு 86-டாஸ் என்று பெயர் மாறியது இது. பிறகு மைக்ரோசாஃப்டின் கைக்குப் போனது. கோப்பின் முதல் வரிகளில் இன்னமும் 86-டாஸ் என்ற பெயர்தான் இருக்கிறது.

கோடுக்குள் போகாமல், அந்தப் பெயருக்குக் கீழே இருக்கும் திருத்த வரலாற்றில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் இங்கே எழுதியாக வேண்டும் என்ற கட்டளையோடு தொடங்கி, 1980 டிசம்பர் 29 முதல் 1982 மார்ச் 3 வரை தேதி வாரியாகப் போகிறது. மாற்றங்களைப் பதிந்து வைக்க இன்று கிட் என்ற மென்பொருள் செய்யும் வேலையை அன்று கமெண்டில் செய்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்த கதை, ஒரு கோப்பைத் திறக்கும்போது 'நடப்பு பிளாக்' (கோப்பின் எந்தப் பகுதியில் இருக்கிறோம்) என்ற எண்ணை டாஸ் சுழியாக்க வேண்டுமா கூடாதா என்பது. 1981 செப்டம்பர் 3: சுழியாக்க வேண்டாம். அக்டோபர் 9: அதன் மேல் பாதியை மட்டும் சுழியாக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் டாஸுக்கு முந்தைய சிஸ்டமான சிபி/எம்-இன் நிரல்கள் அதைத் தாமாகச் செய்வதில்லை. 1982 பிப்ரவரி 11: ஐபிஎம் பதிப்பில் சுழியாக்கக் கூடாது, பழைய 1.01 பதிப்புக்கே திரும்புகிறோம் என்று ஓர் ஆச்சரியக்குறியோடு எழுதியிருக்கிறார். அந்தக் குறியில் மனுஷனின் சலிப்பு தெரிகிறது. முந்தைய சிஸ்டத்தின் நிரல்கள் புதியதிலும் ஓட வேண்டும் என்ற நெருக்கடியைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த மூன்று வரி போதுமாக இருந்தது.

கடைசி வரியையும் விடாதீர்கள். டைரக்டரியின் முடிவில் ஒரு சுழி பைட் வைத்தால் தேடல் வேகமாகும் என்பது அந்த மார்ச் 3 திருத்தம். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த உங்கள் பென்டிரைவில் இன்றும் அதே சுழிதான் 'இதற்கு மேல் ஒன்றும் இல்லை' என்று சொல்கிறது.

அப்புறம் கோடு. மேலிருந்து கீழாக வாசிக்காதீர்கள். 'அன்பேக்' என்ற சின்ன ரூட்டீனை (துணை நிரலை) தேடி எடுங்கள். பத்துப் பதினைந்து கட்டளைதான். டிஸ்கில் கோப்புக்கு இடம் ஒதுக்கும் துண்டுக்குக் கிளஸ்டர் என்று பெயர்; ஒரு கிளஸ்டர் எண்ணைக் கொடுத்தால், கோப்பின் அடுத்த துண்டு எந்தக் கிளஸ்டரில் இருக்கிறது என்று ஃபேட் அட்டவணையைப் பார்த்துச் சொல்லும். அட்டவணையின் ஒவ்வொரு பதிவும் 12 பிட், அதாவது ஒன்றரை பைட். அரை பைட்டைத் தனியாக எடுக்க முடியாது என்பதுதான் இங்கே சிக்கல்.

ஒன்றரை பைட் ஏன் என்று ஜாவாக்காரருக்குக் கோபம் வரும். கணக்குப் போடுங்கள். அன்றைய ஒருபக்க ஃப்ளாப்பி: 40 டிராக், டிராக்குக்கு 8 செக்டர், செக்டருக்கு 512 பைட், ஆக 320 செக்டர், 160 கேபி. தொடக்க செக்டர் 1, ஃபேட் இரண்டு பிரதிக்கு 2, டைரக்டரிக்கு 4 போனால் மிச்சம் 313. இதில் ஒரு செக்டரே ஒரு கிளஸ்டர், ஒரு கிளஸ்டருக்கு ஒரு பதிவு. முதல் இரண்டு பதிவுகள் தனிப்பயனுக்கு என்பதால் மொத்தம் 315. ஒன்றரையால் பெருக்கினால் 473 பைட்டுக்குள் வருகிறது. ஒரே செக்டரில் அடங்கிவிடும். இரண்டு பைட்டாக வைத்திருந்தால் 630, இரண்டு செக்டர் வேண்டும். இந்த அட்டவணையை டாஸ் 1 எப்போதும் நினைவகத்திலேயே வைத்திருக்கும். ஐபிஎம் பிசியோ வெறும் 16 கேபி நினைவகத்தோடுகூட விற்கப்பட்ட காலம் அது.

சரி, இப்போது ரூட்டீனின் நடை. கிளஸ்டர் எண் 5 என்று வைத்துக்கொள்வோம். எண்ணை ஒரு பிட் வலப்பக்கம் நகர்த்துகிறார்: 5 பாதியாகி 2 ஆகிறது, வெளியே விழுந்த பிட், சிப்புக்குள் அதற்கென்றே இருக்கும் கேரி ஃப்ளாகில் உட்கார்ந்துகொள்கிறது. 5-உம் 2-உம் சேர்ந்து 7; அட்டவணையின் 7-ஆவது பைட்டிலிருந்து (0-இலிருந்து எண்ணி) இரண்டு பைட்டை எடுக்கிறார். படிக்கும் கட்டளை ஃப்ளாகைத் தொடாது என்பதால், எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பது கேரியில் பத்திரமாக இருக்கிறது. ஒற்றை என்றால் மேல் 12 பிட் வேண்டும், ஆகவே நான்கு பிட் வலப்பக்கம் நகர்த்த வேண்டும். நகர்த்தும் கட்டளையை நான்கு முறை அப்படியே திரும்ப எழுதியிருக்கிறார். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். 8086 சிப்பில் ஒரு கட்டளையில் ஒரு பிட்தான் நகர்த்த முடியும். அதற்கு மேல் என்றால் எண்ணிக்கையை சிஎல் என்ற ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவிடத்தில்) போட வேண்டும், அதில் இருப்பது அழிந்துபோகும்.

அந்த நான்கு நகர்த்தலில் கேரி கலைந்துவிடுமே? அதனால்தான் அடுத்த வரியில் கேரியை மறுபடி 1 ஆக்குகிறார். பிறகு கேரியையும் சேர்த்து இடப்பக்கம் ஒரு சுழற்று: 2 நான்காகி, கேரியின் 1 உள்ளே வந்து பழைய 5 திரும்பக் கிடைத்துவிடுகிறது. கிளஸ்டர் எண்ணைச் சேமித்து வைக்க ஸ்டாக் இல்லை, தனி ரெஜிஸ்டர் இல்லை. இதை முதல்முறை தாளில் போட்டுப் பார்த்த அன்று எழுந்து போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடி போட்டுப் பார்த்தேன்.

அசெம்பிளியை முழுவதும் கற்கத் தேவையில்லை. மூவ், ஒப்பிடல், ஜம்ப், கால், ரெட், புஷ், பாப், நகர்த்தல் வகைகள், சரங்களை நகலெடுக்கும் கட்டளைகள் என இருபது தெரிந்தால் இந்தக் கோப்பின் பெரும்பகுதி பிடிபடும். டாஸைப் போலவே இயங்கும் இலவச சிஸ்டமான ஃப்ரீடாஸை ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவுங்கள். அதிலுள்ள டீபக் நிரலில் நான்கைந்து கட்டளைகளைத் தட்டி, ஒவ்வொன்றாக ஓட்டி, ரெஜிஸ்டர் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். புத்தகத்தில் படிப்பதைவிட சீக்கிரம் வரும்.

ஒரு எச்சரிக்கை. 1.25-ஐக் கட்டி உங்கள் கணினியில் துவக்கலாம் என்று கிளம்பாதீர்கள். அதிலுள்ள ஐஓ.ஏஎஸ்எம் சியாட்டில் கம்ப்யூட்டரின் சொந்த எந்திரத்துக்கானது. ஐபிஎம் பிசிக்கான அந்தப் பகுதி இந்த வெளியீட்டில் இல்லை.

உரிமைக்கு வருவோம். எங்கிருந்து இறக்கினீர்கள் என்பது முக்கியம். கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2014 மார்ச்சில் டாஸ் கோடை முதலில் வெளியிட்டது, வணிகமல்லாத சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். மறுபடி வெளியிட அனுமதி இல்லை. 2018-இல் மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பில் போட்டது, மாற்றவும் மறுபடி வெளியிடவும் விடுகிற எம்ஐடி உரிமத்தில். ஜிடபிள்யூ-பேசிக்கும், 2024 ஏப்ரலில் வந்த டாஸ் 4.00-உம் எம்ஐடிதான். ஆகவே கிட்ஹப் பிரதியை வைத்து எழுதுங்கள், பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே போடுங்கள். பேட்டர்சனின் கமெண்டுகளை அழித்துவிட்டு அந்த இடத்தில் தமிழை எழுத வேண்டாம். அவர் வரி அப்படியே இருக்கட்டும், உங்கள் விளக்கம் அதற்குக் கீழே தனியாக வரட்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து எது அவர் சொன்னது, எது நீங்கள் சேர்த்தது என்று உங்களுக்கே தெரியாது.