மருத்துவம் முடித்துவிட்டுத்தான் மூளையைப் பற்றி யோசிக்க வேண்டுமா?

உங்கள் மகளுக்குத் தத்துவமும் வேண்டும், மூளை ஆய்வும் வேண்டும். "முதலில் மருத்துவம் முடிக்கட்டும், அப்புறம் எதை வேண்டுமானாலும் படிக்கட்டும்" என்கிறார் டாக்டர் பெரியப்பா. உங்கள் கவலை நியாயம்தான், அம்மா. ஆனால் பெரியப்பா சொல்வது சரியில்லை.

மருத்துவப் படிப்பு நோயைக் குணப்படுத்தப் பழக்கும். உங்கள் மகளின் கேள்வி வேறு. விரலை அசைக்கலாம் என்று ஒருவர் உணர்வதற்குச் சில நூறு மில்லிநொடிக்கு முன்பே மூளையில் அதற்கான மின் அலை தொடங்கிவிடுகிறது என்று 1983-இல் நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் காட்டினார். அப்படியானால் முடிவெடுத்தது யார்? 2012-இல் ஆரோன் ஷர்கர் குழுவினர் மறுத்தார்கள்: அந்த அலை முடிவே அல்ல, மூளையின் இயல்பான ஏற்ற இறக்கம் தற்செயலாக ஓர் எல்லையைத் தொடுவதன் சுவடாக இருக்கலாம் என்று. இந்தச் சண்டையில் இறங்கப் புள்ளியியல் வேண்டும். 'முடிவு' என்று எதைச் சொல்கிறோம் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். அதற்காக மருத்துவத்தில் இத்தனை வருடமும் பணமும் போடுவது வீண். வேண்டாம் என்பவளைத் தள்ளிவிடுவது அதைவிட மோசம்.

பலரும் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் 'மைண்ட் அண்ட் பிரெய்ன்' என்ற இரண்டாண்டு முதுகலை. ஆங்கிலத்தில்தான் பாடம். மனம், மூளை என்று இரண்டு பிரிவுகள் உண்டு. தத்துவத்திலிருந்து வருபவருக்கு மனம், அறிவியலிலிருந்து வருபவருக்கு மூளை. ஆனால் இரு தரப்பும் ஒரே கூரையின் கீழ் படிப்பதுதான் இதன் பலமே. அதற்குப்பின் முனைவர் பட்டத்துக்கு அங்கேயே 'பெர்லின் ஸ்கூல் ஆஃப் மைண்ட் அண்ட் பிரெய்ன்' இருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தத்துவம்-நரம்பறிவியல்-உளவியல் என்றே ஒரு திட்டம் நடக்கிறது.

பண விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முனைவர் பட்டத்துக்குக் கைக்காசு போடாதீர்கள், கடனும் வாங்காதீர்கள். உதவித்தொகை தராத இடம் எவ்வளவு பேர் பெற்றதானாலும் வேண்டாம். தத்துவத் துறையில் நிரந்தர வேலை அரிது, முனைவரானபின்னும் சில வருடம் தற்காலிகப் பணிதான் கிடைக்கும். அதனால் பைத்தான் என்ற நிரல்மொழியும் ஈ.ஈ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) தரவு அலசலும் அவள் கைக்குப் பழகியிருக்க வேண்டும். பல்கலைக்கழகம் கைவிட்டாலும் அவை சோறு போடும்.

இந்த விடுமுறையில் லிபெட், ஷர்கர் கட்டுரைகளை எதிரெதிரே வைத்து அவள் பத்துப் பக்கம் எழுதட்டும். தத்துவ விண்ணப்பங்களில் எழுத்து மாதிரியை உற்றுப் பார்ப்பார்கள், அதற்கு இதுவே உதவும். பாதியிலேயே அலுத்துவிட்டால் அதையும் ஒளிக்காமல் சொல்லட்டும், வேறு வழி பார்ப்போம்.