சொல்லாமல் சொல்லுங்கள்!

கே: மொரீஷியஸில் வாக்கப்பட்டவள் நான். மார்ச் 12, சுதந்திர தின விடுமுறைக்குப் புகுந்த வீட்டார் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடுகிறார்கள். சீட்டில் உள்ள சொல்லைச் சொல்லாமல் ஒருவர் விளக்க, அவர் கட்சிக்காரர்கள் கண்டுபிடிக்கும் விளையாட்டைக் கிரியோலில், அதாவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த இந்த ஊர்ப் பேச்சுமொழியில், நடத்த ஆசை. எனக்குக் கிரியோல் பேச வரும், எழுத்து அரைகுறை. சீட்டுகளை நானே எழுதலாமா? – வாசகி, ரோஸ் ஹில்

ப: தாராளமாக எழுதுங்கள். எழுத்துப் பிழை பார்க்கப் போவது பெரியவர்கள் இல்லை, பள்ளிக்கூடம் போகிற பொடிசுகள்தான். ஆரம்பப் பள்ளிகளில் கிரியோல் விருப்பப் பாடமாக நுழைந்ததே 2012-இல். அதற்கு முன் படித்தவர்கள் நாள் முழுக்கக் கிரியோலில் பேசுவார்கள். கடிதம் எழுத உட்கார்ந்தால் மட்டும் பிரெஞ்சுக்கோ ஆங்கிலத்துக்கோ தாவிவிடுவார்கள்.

மேலே எந்தச் சொல்லைப் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். கீழே எழுதும் தடைச் சொற்களுக்கு, அதாவது விளக்கும்போது வாயில் வரவே கூடாத சொற்களுக்கு, நேரம் ஒதுக்குங்கள். 'சிக்லோன்', அதாவது புயல், என்று ஒரு சீட்டு. காற்று, மழை இரண்டையும் தடுத்துவிட்டால் போதும் என்று தோன்றும். போதாது. மொரீஷியஸ்காரர் வாயில் புயல் என்றதும் முதலில் வருவது 'கிளாஸ்'தான். புயல் எச்சரிக்கை அங்கே ஒன்றிலிருந்து நான்கு வரை கிளாஸ் கணக்கில் வருமே! அதைத் தடுக்காவிட்டால் 'கிளாஸ் த்ருவா' (மூன்றாம் கிளாஸ்) என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். தடுத்துப் பாருங்கள், அப்புறம்தான் கூத்து. போர்ட் லூயியில் நான் குடியிருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இந்தச் சீட்டு வந்தது. சைகை கூடாது என்பதால் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். 'லாபூஜி... புவாத் சார்தின்... ராதியோ' என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மெழுகுவத்தி, சார்டின் டின், ரேடியோ. மூன்றாவதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கட்சி மொத்தமும் 'சிக்லோன்' என்று கத்திவிட்டது.

இப்படியே மற்றதையும் யோசியுங்கள். மிளகாய் போட்ட பருப்பு வடையான 'காத்தோ பிமா'வுக்குப் பருப்பையும் எண்ணெயையும் தடுத்துவிட்டு ரொட்டியை விட்டுவைக்காதீர்கள். காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் அந்த வடையை வைத்துச் சாப்பிடாதவர் அங்கே யார்? 'காவடி'க்கு ஊசியும் பால்குடமும். 'செகா' ஆட்டபாட்டத்துக்கு ரவான் மேளத்தோடு யுனெஸ்கோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செகா 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து இளசுகள் குறுக்கு வழியாக அதைத்தான் பிடிப்பார்கள். 'தோதோ' பறவை எனக்குப் பிடிக்காத சீட்டு. இரண்டு நொடியில் தீர்ந்துபோகும்.

இனங்களைக் குறிக்கும் பட்டப்பெயர்கள் எந்தச் சீட்டிலும் வேண்டாம். வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே சொல்வதுதான், ஆனாலும் மேசையில் யாராவது ஒருவர் முகம் சுண்டிப்போகும்.

கே: மாமியாருக்குக் கிரியோல் வாசிக்க வராது. அவர் எப்படி ஆடுவார்?

ப: அவர்தான் உங்கள் துருப்புச் சீட்டு. ஒரு பேரனையோ பேத்தியையோ அவர் பக்கத்தில் உட்காரவையுங்கள். பள்ளியில் கிரியோல் எடுத்த பிள்ளையாக இருந்தால் நல்லது. பிள்ளை சீட்டைப் படித்துக் காதில் சொல்லட்டும், விளக்கம் பாட்டியுடையது. கட்சி பிரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தால் கிழவிகளையெல்லாம் என் பக்கம் இழுத்துக்கொள்வேன். இளைஞர்கள் தடுமாறினால் ஒரு வாக்கியத்திலேயே பிரெஞ்சுக்குப் போய்விடுவார்கள். கிழவிகளுக்கு அந்தப் பழக்கம் குறைவு.

கே: பிரெஞ்சில் சொன்னால் செல்லுமா? சண்டை வருமே!

ப: கண்டிப்பாக வரும். பாதிச் சொற்கள் இரண்டிலும் ஒரே மாதிரி ஒலிப்பவை. உருளைக்கிழங்கு என்பதை ஒருவர் 'பொம்தெத்தேர்' என்றால் எந்த மொழியில் சொன்னார் என்று யார் கண்டது? அதனால் எழுத்தை விட்டுவிட்டுக் காதை நடுவராக வையுங்கள். தடைச் சொல் போலக் காதில் விழுந்தால் அவுட், எந்த மொழியானாலும் சரி.

இன்னும் இரண்டை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். கிரியோலில் பிரெஞ்சின் 'லா', 'தி' எல்லாம் சொல்லோடு ஒட்டிப்போனவை: லாதாப் என்றால் மேசை, திலோ என்றால் தண்ணீர். 'லா'வைக் கழற்றிவிட்டு 'தாப்' என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவருக்குப் புள்ளி கிடையாது. 'ரூஜ்' தடை என்றால், லேசான சிவப்பைக் குறிக்கும் 'ரூஜ்-ரூஜ்' என்ற இரட்டைச் சொல்லும் தடைதான். மூத்தார், கொழுந்தன்மார்கள் இதில் வாதாடுவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

அர்னோ கார்ப்பூரான் தொகுத்து 2009-இல் வந்த 'திக்சியோனேர் மோரிசியென்' அகராதி கிடைத்தால் சீட்டு எழுதும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு நடுவில் அதைத் திறந்தால் சாப்பாடு ஆறிவிடும்.

கே: ஆரம்பத்தில் எல்லோரும் கூச்சப்படுவார்களே?

ப: சிரந்தான் எனும் கிரியோல் விடுகதை போடுங்கள். கேட்பவர் 'சிரந்தான்!' என்று குரல் கொடுக்க, கூட்டம் 'சாம்பெக்!' என்று பதில் கொடுக்கும். அப்புறம் விடுகதை. 'திலோ திபூத்' – நிற்கிற தண்ணீர்? கரும்பு. 'திலோ பாந்தான்' – தொங்குகிற தண்ணீர்? தேங்காய். ஷார்ல் பேசாக் 1888-இல் வெளியிட்ட நாட்டார் தொகுப்பிலேயே சிரந்தான்கள் இருக்கின்றன. உங்கள் மாமியாருக்குத் தெரியாமல் இருக்காது, அவரையே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

கே: ஒரு சீட்டுக்கு எவ்வளவு நேரம்?

ப: ஒரு நிமிடம். அரை நிமிடம் வைத்தால் பெரியவர்களுக்குப் பதற்றம், இரண்டு நிமிடம் வைத்தால் பிள்ளைகள் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவார்கள்.