அக்ரிலிக்கில் தூசி ஒட்டாமல் ஸ்ப்ரே அடிப்பது: கேள்வி பதில்

கேள்வி: சார், பெயர்ப்பலகைக்கு 3 மி.மீ. கிளியர் அக்ரிலிக்கில் பின்பக்கம் பெயின்ட் அடிக்கிறோம். ஷீட்டின் மேல் ஒட்டி வரும் பாதுகாப்பு ஃபிலிமை உரித்ததும் துணியால் துடைக்கிறோம். துடைக்கத் துடைக்கத் தூசி கூடுகிறதே?

பதில்: உலர்ந்த துணிதான் காரணம். அக்ரிலிக் மின்சாரத்தைக் கடத்தாது. உரிக்கும்போதும் தேய்க்கும்போதும் ஏறும் ஸ்டாட்டிக், அதாவது தேங்கி நிற்கும் மின்னூட்டம், போக வழியில்லாமல் அங்கேயே நின்று தூசியை இழுக்கும். பின்பக்க வேலையில் முன்னாலிருந்து தெரிவது முதல் கோட்தான். அதில் மாட்டிய தூசியை அப்புறம் தேய்த்து எடுக்க வழியே இல்லை.

வேலை வரிசையை மாற்றுங்கள். வெட்டுவது, துளை போடுவது எல்லாம் ஃபிலிமோடு முடியட்டும். ஃபேனை நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, கால்மணி நேரம் விடுங்கள். பெயின்ட் கலந்து ஸ்ப்ரே கன்னில் ஊற்றிய பிறகே, அடிக்கும் பக்க ஃபிலிமை மட்டும் மெதுவாக உரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் ஸ்டாட்டிக் எகிறும். ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு மூன்று சொட்டு விட்டு, புது மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து ஒரே திசையில் துடையுங்கள். அடுத்து, வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்த வேறு துணி. சோப்பு மிஞ்சினால் பெயின்ட் பிடிக்காது. ஈரம் தானாகக் காய்ந்ததும் அயனைசர் கன்னால் ஊதி, உடனே அடித்துவிடுங்கள்.

கேள்வி: அயனைசர் எதற்கு அண்ணா, கம்ப்ரஸர் காற்று போதாதா?

பதில்: வெறும் காற்று தூசியைக் கிளப்பும், ஸ்டாட்டிக்கைத் தொடாது. கிளம்பிய தூசி திரும்பி வந்து உட்காரும். அயனைசர் நேர், எதிர் அயனிகள் இரண்டையும் காற்றோடு அனுப்பி மேற்பரப்பைச் சமன் செய்யும். ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். எட்ட நின்று ஊதினால் அயனிகள் வழியிலேயே ஒன்றோடொன்று சேர்ந்து வீணாகிவிடும். கம்ப்ரஸர் காற்று வரும் லைனில் எண்ணெய், தண்ணீர் ஃபில்டர் இல்லையென்றால் இத்தனையும் வீண்.

கேள்வி: ஷீட்டில் எர்த் கிளிப் போட்டால் போதுமா?

பதில்: பயனில்லை, கடத்தாத பொருளிலிருந்து எதுவும் வயருக்கு ஓடாது. ஆனால் இரும்பு மேசை, ஸ்டாண்டு, கன் எல்லாவற்றையும் கட்டாயம் எர்த் செய்யுங்கள். அது தூசிக்காக இல்லை, தின்னர் ஆவி நிற்கும் அறையில் ஒரு பொறி பறந்தால் தீப்பிடிக்கும் என்பதற்காக. அடிப்பவர் பாலியெஸ்டர் சட்டை போடவேண்டாம்.

கேள்வி: தின்னரால் துடைத்ததும் லேசரில் வெட்டிய ஓரத்தில் மயிரிழை விரிசல் வந்துவிட்டது. ஷீட் மட்டமா?

பதில்: ஷீட்டைக் குறை சொல்லாதீர்கள். லேசர் சூட்டில் ஓரத்தில் உள்ளிறுக்கம் தங்கும். தின்னரோ அசிட்டோனோ பட்டதும் அது விரிசலாகப் பிளக்கும். ஆல்கஹால்கூட வெட்டிய ஓரத்தில் ஆபத்துதான். அந்த இறுக்கம் போக, காஸ்ட் (வார்த்துச் செய்த) ஷீட்டானால் 80 டிகிரி ஓவனில், தடிமன் ஒரு மி.மீ.க்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் வைத்து, உள்ளேயே மெல்ல ஆறவிடுங்கள். 100 டிகிரியை நெருங்கினால் வளைந்துவிடும். இதற்கு மட்டும் இருபக்க ஃபிலிமையும் முதலிலேயே எடுத்தாக வேண்டும். ஆறியபின் பார்வைப் பக்கத்தில் புது மாஸ்க்கிங் ஃபிலிம் ஒட்டிக்கொள்ளுங்கள். பெயின்ட்டிலும் தின்னர் இருக்கிறது, முதல் கோட்டை ஈரமாக ஊற்றாமல் பனி போலத் தூவுங்கள்.

கேள்வி: ஆன்டிஸ்டாட்டிக் ஸ்ப்ரே?

பதில்: அடிக்கும் பக்கம் வேண்டாம், படலம் விட்டுப் பெயின்ட்டை உரிய வைக்கும். வேலை முடிந்ததும் பார்வைப் பக்கத்துக்குத் தாராளமாக. சிலிக்கான் பாலிஷ் மட்டும் பட்டறைக்குள்ளேயே வரக்கூடாது. துளி பறந்து பட்டாலும் பெயின்ட் குழிகுழியாக விலகும்.

கேள்வி: மழைக்காலத்தில் தூசி குறைவு, ஆனால் லாக்கர் பெயின்ட் (தின்னர் ஆவியாகிக் காயும் வகை) வெளுத்துப் போகிறது.

பதில்: காற்றில் ஈரம் இருந்தால் ஸ்டாட்டிக் தானே வடியும். ஆனால் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, அந்த ஈரமே பெயின்ட்டில் படிந்து வெளுக்கும். ஒரு ஈரப்பதமானி வாங்கி மாட்டுங்கள், விலை சொற்பம். 50 முதல் 60 சதவீதம் வரை வசதி. 80ஐத் தாண்டினால் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் கொஞ்சம் கலக்கலாம், ஆனால் அது அக்ரிலிக்கின் மேல் அதிக நேரம் நிற்கும். விரிசல் பயம் உள்ள ஓரங்களுக்கு அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுவதே மேல்.