6 மாத நாய்க்குட்டியை வசந்தகாலத்தில் மலையேற அழைத்துப் போகலாமா?

போகலாம், உச்சி வரை வேண்டாம். காரணம், வளர்ச்சித் தட்டு. கால் எலும்புகளின் முனையருகே இருக்கும் குருத்தெலும்புப் பட்டை அது. எலும்பு நீள்வது அங்கேதான். சிறிய இனங்களில் ஏறக்குறைய 1 வயதுக்குள்ளும், பெரிய இனங்களில் 15–18 மாதங்களிலும் எலும்பாக இறுகிவிடும். அதுவரை, கான்கிரீட் போட்டு இன்னும் முட்டு பிரிக்காத தளம் மாதிரி: பார்க்க முழுசாக இருக்கும், பாரம் ஏற்றினால் விரிசல் விடும்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து. சும்மா நிற்கும்போதே நாயின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில் இருக்கும். பாறையிலிருந்து குதித்தால் அந்தப் பாரம் பல மடங்காகும். தட்டு நசுங்கினால் கால் கோணலாக வளரக்கூடும். ஆகவே உயரமான கற்களிலிருந்து குட்டியைத் தூக்கி இறக்குங்கள். (லாப்ரடார் என்றால் உங்கள் முதுகையும் கணக்கில் கொள்ளுங்கள்.)

இமாச்சலின் திரியுண்ட் போன்ற பாதைகளில் மார்ச்சில் மேலே பனி கிடக்கலாம். விரலிடுக்கில் உருண்டு ஒட்டும் பனியை அவ்வப்போது எடுத்துவிடுங்கள். கீழே புல்வெளியில் உண்ணி ஏறும். திரும்பியதும் காதுமடல், அக்குள், விரலிடுக்கு பாருங்கள்.

‘துள்ளிக்கொண்டுதானே வருகிறது’ என்பது அளவுகோல் ஆகாது: நீங்கள் முன்னே நடந்தால் குட்டி வலியோடும் பின்தொடரும், நொண்டல் பெரும்பாலும் மறுநாள் காலையில்தான் தெரியும்.